காந்தியும் அம்மாவின் கோழிப் பிரட்டலும்



நம் ஞாயிறு வகுப்பு முடிந்து எல்லாரும் செருப்பு மாட்டுகிற நேரத்தில், யாராவது ஒரு தம்பியோ தங்கையோ தயங்கித் தயங்கி என் பக்கத்தில் வந்து நிற்பார்கள். அண்ணே, சைவத்துக்கு மாறணும்னு ஆசையா இருக்கு, ஆனா வீட்டுல விட மாட்டேங்கிறாங்க, என்ன செய்யறது என்று கேட்பார்கள். அப்போதெல்லாம் எனக்கு என் 16 வயசு ஞாபகம் வரும். கூடவே மகாத்மா காந்தியின் ஞாபகமும் வரும். அவருடைய வாழ்க்கையில் சாப்பாடு சம்பந்தப்பட்ட பகுதியை இந்த முறை எழுதுகிறேன். நடுநடுவே என் கதையும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வளர்ந்தது சாலாக் செலாத்தானில் ஓர் அடுக்குமாடி வீட்டில். அப்பா லோரி ஓட்டுநர். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மட்டும் சைவம். ஞாயிறு என்றால் ஆட்டுக்கறி, மற்ற நாளில் மீனோ கோழியோ இருக்கும். படிவம் 4 படிக்கும்போது தைப்பூசத்துக்கு ஒரு மாதம் விரதம் இருந்து பத்துமலையில் பால்குடம் எடுத்தேன். விரதம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, அம்மா ஆசையாகக் கோழிப் பிரட்டல் வைத்தாங்க. தட்டில் அதைப் பார்த்ததும் எனக்குக் கை போகவில்லை. இனிமே வேணாம்மா என்றேன்.

வீட்டில் சண்டை ஆரம்பித்தது. வளருற பிள்ளை, அடுத்த வருஷம் எஸ்.பி.எம். பரீட்சை, சத்துக்கு எங்கே போவே என்று அம்மா கேட்டாங்க. உடம்பு வேலை செய்யறவங்க வீட்டுல இதெல்லாம் சரிப்படாதுன்னு அப்பா சொன்னாரு. இவன் சாமியாரா போயிடுவானோ என்று பாட்டி பயந்தாங்க. பத்து நாள் வாதாடிப் பார்த்தேன். பிறகு ஒரு சுலபமான வழியைக் கண்டுபிடித்தேன். அது பொய்.

அம்மா கட்டிக் கொடுக்கும் கோழியைப் பள்ளியில் நண்பனுக்குத் தள்ளிவிடுவேன். வீட்டில் சாப்பிடும்போது கறித்துண்டுகளை டிஷ்யூவில் சுருட்டி, கீழே போய்ப் பூனைகளுக்குப் போடுவேன். நல்லா இருந்துச்சும்மா என்று வேறு சொல்வேன். உயிர்களிடம் கருணை காட்டுவதாக எனக்குள் ஒரு பெருமை. இப்படியே இரண்டு மாதம் ஓடியது.

அந்தச் சமயத்தில்தான் வகுப்பு அண்ணன் ஒருவர் காந்தியின் சுயசரிதையான சத்திய சோதனையை என் கையில் கொடுத்தார். சைவம் என்றால் காந்தி என்று நினைத்துத்தான் புரட்டினேன். படித்ததும் தூக்கிவாரிப் போட்டது. அவரும் என் வயதில் திருட்டுத்தனமாகச் சாப்பிட்டிருக்கிறார். ஆனால் நான் செய்ததற்கு நேர் எதிராக!

ஆற்றங்கரையில் ஓர் ஆட்டுக்கறி விருந்து

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி 1869 அக்டோபர் 2ஆம் நாள் குஜராத்தில் போர்பந்தரில் பிறந்தார். அப்பா கரம்சந்த் சமஸ்தானத்தின் திவான். அம்மா புத்லிபாய் பக்தியும் விரதமும் நிறைந்தவர். மழைக்காலத்தில் சூரியனைப் பார்த்தால்தான் சாப்பிடுவேன் என்று அவர் விரதம் எடுத்துக்கொண்டால், பிள்ளைகள் வாசலில் நின்று மேகம் எப்போது விலகும் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பார்களாம். வைஷ்ணவக் குடும்பம். ஊரில் சமணர்களின் செல்வாக்கும் அதிகம். அந்த வீட்டில் மாமிசம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

மோகன்தாஸ் ராஜ்கோட்டில் உயர்நிலைப்பள்ளியில் படித்தபோது அவருக்கு ஒரு நண்பன் அமைந்தான். நல்ல உடற்கட்டு, ஓட்டத்திலும் தாண்டுவதிலும் கெட்டிக்காரன். மோகன்தாஸோ ஒல்லி, கூச்சம், இருட்டைக் கண்டால் பயம். வெள்ளைக்காரன் மாமிசம் சாப்பிடுகிறான், அதனால்தான் பலசாலியாகி நம்மை ஆளுகிறான் என்று அந்த நண்பன் சொல்லிச் சொல்லி நம்ப வைத்தான். அவருடைய அண்ணன் ஒருவரும் ஏற்கனவே அந்தப் பக்கம் போய்விட்டார். நாடு விடுதலை அடைய வேண்டுமானால் நாமும் மாமிசம் சாப்பிட வேண்டும் என்று மோகன்தாஸுக்குத் தோன்றியது. இன்று சில பேர் ஜிம்முக்குப் போகிற தம்பிகளிடம் பேசுகிற பேச்சு மாதிரியே இருக்கிறது அல்லவா!

ஆற்றங்கரையில் ஆள் இல்லாத இடத்தில் முதல் விருந்து நடந்தது. ஆட்டுக்கறி தோல் மாதிரி இருந்தது, விழுங்க முடியவில்லை. அன்று இரவு கண்ணை மூடினால் வயிற்றுக்குள் ஓர் ஆடு உயிரோடு கத்துவது போல இருந்ததாம். ஆனாலும் விடவில்லை. ஒரு வருட காலத்தில் சுமார் அரை டஜன் முறை இப்படி ரகசிய விருந்து நடந்தது. போகப் போக நாக்கும் பழகிவிட்டது.

பிரச்சினை வீட்டில்தான். விருந்து முடிந்து வந்தால் அம்மா சாப்பிடக் கூப்பிடுவார். பசியில்லை, வயிறு சரியில்லை என்று ஏதாவது ஒரு பொய் சொல்ல வேண்டும். அந்தப் பொய்தான் மோகன்தாஸை அரித்தது. மாமிசம் சாப்பிடுவது அப்போதும் அவருக்குத் தப்பாகத் தெரியவில்லை. பெற்றவர்களை ஏமாற்றுவதுதான் தப்பாகத் தெரிந்தது. அவர்கள் இருக்கும்வரை மாமிசம் வேண்டாம், பிறகு பெரியவனாகி வெளிப்படையாகச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று முடிவு செய்து நிறுத்தினார்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டேன். அவர் சாப்பிடுவதற்காகப் பொய் சொன்னார். நான் சாப்பிடாமல் இருக்கப் பொய் சொன்னேன். அம்மாவைப் பொறுத்தவரை இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

அப்பாவிடம் கொடுத்த கடிதம்

மோகன்தாஸின் அண்ணனுக்குச் சுமார் 25 ரூபாய் கடன் சேர்ந்திருந்தது. அதை அடைக்க, அண்ணன் கையில் போட்டிருந்த தங்கக் காப்பிலிருந்து ஒரு சின்னத் துண்டை வெட்டி எடுத்தார் மோகன்தாஸ். அப்போது அவருக்கு 15 வயது. கடன் அடைந்தது, மனசு அடையவில்லை. அப்பாவிடம் நேரில் சொல்லத் தைரியம் வராமல், செய்ததை எல்லாம் ஒரு தாளில் எழுதி, தண்டனையும் கேட்டு, படுக்கையில் இருந்த அப்பாவிடம் நீட்டினார். அப்பா எழுந்து உட்கார்ந்து படித்தார். கண்ணீர் வழிந்து தாள் நனைந்தது. ஒரு வார்த்தை திட்டவில்லை. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். 1885இல் அவர் காலமானார். திருட்டைப் பற்றி மகன் சொல்லிவிட்டான். ஆனால் மாமிச விஷயம் பெற்றவர்கள் இருவருக்கும் கடைசிவரை தெரியாமலே போய்விட்டது.

எனக்கும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டேன். அதற்குள் அம்மா கண்டுபிடித்துவிட்டாங்க. துணி துவைக்க எடுத்த பள்ளிச் சிலுவார் பாக்கெட்டில், முதல் நாள் நான் மறந்துபோன டிஷ்யூ இருந்தது. உள்ளே எறும்பு மொய்த்த இரண்டு கோழித்துண்டு.

அம்மா கத்தவில்லை. அடுப்படியிலேயே உட்கார்ந்துட்டாங்க. அப்பா போர்ட் கிள்ளானுக்கு நைட் ஓ.டி. ஓட்டுற காசுல வாங்குன கறிடா இது என்று மட்டும் சொன்னாங்க. எத்தனை நாளா இப்படி என்று கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்று இரவு அப்பா வந்ததும் நானே எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. கடைசியில், புடிக்கலைன்னா தட்டுல வச்சிட்டு எந்திரிச்சுப் போயிருக்கலாம், ஏன் ஏமாத்துனே என்று கேட்டாரு. என்னிடம் பதில் இல்லை.

லண்டனில் பசியோடு

காந்தியின் கதைக்கு வருவோம். 1888 செப்டம்பர் 4ஆம் நாள், சட்டம் படிக்க அவர் பம்பாயிலிருந்து கப்பல் ஏறினார். அப்போது 18 வயது. மனைவி கஸ்தூரிபாவும் சில மாதக் கைக்குழந்தையும் ஊரில். சீமைக்குப் போனால் கறியும் குடியும் பழகிவிடுவான் என்று அம்மா பயந்தார். அதனால் ஒரு சமணத் துறவி முன்னால் மகனிடம் மூன்று சத்தியம் வாங்கினார்கள்: மாமிசம், மது, மாதர் மூன்றையும் தொடக்கூடாது.

லண்டனில் முதல் சில மாதம் பட்டினி மாதிரிதான். மதியமும் இரவும் ரொட்டி, ஜாம், கீரை. உப்பு உறைப்பு எதுவும் கிடையாது. இன்னும் கொஞ்சம் ரொட்டி கேட்கவும் கூச்சம். தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாவின் இரண்டு பெண்களும் பாவப்பட்டு ஒன்றிரண்டு துண்டு கூடுதலாக வைப்பார்கள், அதுவும் போதாது.

அங்கே அவருக்கு எதிர்ப்பு, அவர்மேல் உண்மையாகவே பாசம் வைத்திருந்த ஒரு நண்பரிடமிருந்து வந்தது. படிக்காத ஒரு தாயிடம் கொடுத்த சத்தியம் இந்தக் குளிர் நாட்டில் செல்லாது என்று அவர் நாள்தோறும் வாதாடினார். தத்துவப் புத்தகம் எல்லாம் படித்துக் காட்டினார். ஒருநாள் பெரிய உணவகத்துக்கு அழைத்துப் போனார். சூப் வந்ததும் காந்தி பரிமாறுபவரைக் கூப்பிட்டு இதில் மாமிசம் உண்டா என்று விசாரிக்க முனைந்தார். நண்பருக்கு அவமானமாகி, இங்கே ஒழுங்காக நடக்கத் தெரியாவிட்டால் வெளியே போய்ச் சாப்பிடு என்று சொல்லிவிட்டார். காந்தி எழுந்து வெளியே போனார். பக்கத்துச் சைவ உணவகம் மூடியிருந்தது. அன்று இரவு பட்டினி. ஆனாலும் திட்டமிட்டபடி அந்த நண்பருடனே நாடகம் பார்க்கப் போனார். நட்பு முறியவில்லை. நண்பரின் கோபத்துக்குப் பின்னால் இருந்த அன்பு அவருக்குத் தெரிந்திருந்தது. உங்கள் அம்மாவின் கோபத்தையும் இப்படிப் பார்த்துப் பாருங்கள்.

தினமும் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்து சைவ உணவகம் தேடினார். ஒருநாள் பாரிங்டன் தெருவில் ஒன்று கண்ணில் பட்டது. அதன் ஜன்னலில் விற்பனைக்கு வைத்திருந்த புத்தகங்களில், ஹென்றி சால்ட் என்ற ஆங்கிலேயர் சைவ உணவை ஆதரித்து எழுதிய நூலும் இருந்தது. ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கிக்கொண்டு உள்ளே போனார். லண்டன் வந்ததிலிருந்து அன்றுதான் வயிறார முதல் சாப்பாடு. புத்தகத்தையும் முழுதாகப் படித்து முடித்தார்.

அதுவரைக்கும் அவர் சத்தியத்துக்காக மட்டுமே சைவம். இந்தியர் எல்லாரும் மாமிசம் சாப்பிட வேண்டும், தானும் ஒருநாள் சாப்பிட வேண்டும் என்றுதான் மனசுக்குள் நினைத்துக்கொண்டிருந்தார். அந்தப் புத்தகத்துக்குப் பிறகு சைவம் அவருடைய சொந்த முடிவு ஆயிற்று. பிறப்பால் சைவம், பிறகு வாக்கால் சைவம், கடைசியில் அறிவால் சைவம். லண்டன் சைவ உணவுச் சங்கத்தில் சேர்ந்து அதன் செயற்குழுவுக்கும் வந்தார். 1891இல் அந்தச் சங்கத்தார் நடத்திய வார இதழில் இந்திய உணவுப் பழக்கம் பற்றிக் கட்டுரைகள் எழுதினார். பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான பக்கங்கள் எழுதிய மனிதர், எழுதிப் பழகியது சாப்பாட்டைப் பற்றித்தான்.

முட்டை மாமிசமா இல்லையா என்ற கேள்வியும் அவருக்கு வந்தது. இங்கிலாந்தில் மாமிசத்துக்கு மூன்று விதமான விளக்கம் இருந்தது. அதில் இரண்டு விளக்கப்படி முட்டை சாப்பிடலாம். கொஞ்ச நாள் சாப்பிட்டும் பார்த்தார். பிறகு யோசித்தார். சத்தியம் வாங்கியது அம்மா, அம்மா எதை மாமிசம் என்று நினைத்தாரோ அதுதான் கணக்கு என்று முட்டையை விட்டார்.

1891இல் பாரிஸ்டராகி ஊர் திரும்பினார். அம்மாவைப் பார்க்கத் துடித்தபடி பம்பாயில் இறங்கினார். அங்கேதான் அண்ணன் செய்தியைச் சொன்னார். அவர் லண்டனில் இருக்கும்போதே அம்மா போய்விட்டார். தனியாக இருக்கும் தம்பிக்கு அதிர்ச்சி வேண்டாம் என்று சொல்லாமல் வைத்திருந்தார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டேன் அம்மா என்று சொல்ல அம்மா இல்லை. இந்தப் பக்கத்தைப் படித்த அன்று நான் அடுப்படிக்குப் போய், அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்த இடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சத்துக்கு என்ன வழி?

என் அப்பா அம்மா சொன்னதில் ஒரு நியாயமும் இருந்தது. அந்த இரண்டு மாதமும் நான் சாப்பிட்டது வெறும் சோறு, ரசம், உருளைக்கிழங்கு, பிஸ்கட். ஒருநாள் பள்ளி அணிவகுப்புப் பயிற்சியில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். கறியை நிறுத்தினால் மட்டும் போதாது, அந்த இடத்தில் எதை வைக்கிறோம் என்பதும் முக்கியம்.

உண்மை வெளியே வந்தபிறகு, அம்மா என்னைக் கிளினிக்குக்கு அழைத்துப் போய் இரத்தம் பரிசோதித்தாங்க. டாக்டர் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். புரதத்துக்குப் பருப்பு, கடலை, பச்சைப் பயறு, தௌஃபு, தெம்பே. இரும்புச் சத்துக்குக் கீரை, பயறு வகைகள். கூடவே எலுமிச்சையோ கொய்யாவோ சேர்த்தால் இரும்புச் சத்து நன்றாக உடம்பில் சேரும், சாப்பிட்ட உடனே டீ குடித்தால் அது குறையும். பி12 சத்து செடிகொடிகளில் கிடைக்காது, அதனால் பால், தயிரை விடக்கூடாது. பாலும் வேண்டாம் என்பவர்கள் டாக்டரைக் கேட்டு பி12 மாத்திரை எடுக்க வேண்டும். இன்னொன்று, கேண்டீன் சம்பலில் பெலாச்சானும் நெத்திலியும் இருக்கும். காந்தி சூப்பைப் பற்றி விசாரிக்க முனைந்த மாதிரி நீங்களும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

இங்கே காந்தியிடம் நாம் அப்படியே பின்பற்ற வேண்டாத ஒன்றும் இருக்கிறது. 1902இல் பம்பாயில் அவருடைய மகன் மணிலாலுக்குக் கடுமையான டைபாய்டு. முட்டையும் கோழி சூப்பும் கொடுக்கச் சொன்னார் டாக்டர். பையனையே கேட்டுவிட்டு, காந்தி மறுத்துவிட்டார். ஈரத்துணி சுற்றிச் சிகிச்சை செய்தார். காய்ச்சல் 104 டிகிரி வரை போனது. பிள்ளையை வைத்து இப்படிச் சோதனை செய்ய எனக்கு என்ன உரிமை என்று அவரே கலங்கி, ராமநாமம் சொல்லியபடி தெருவில் நடந்தார். மணிலால் பிழைத்துக்கொண்டார். நாம் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது உறுதியை. உடம்புக்கு முடியாதபோது டாக்டர் பேச்சைத்தான் கேட்க வேண்டும்.

பண்ணையில் நம்மவர்கள்

1910இல் ஜோகன்னஸ்பர்க் பக்கத்தில், நண்பர் ஹெர்மன் காலன்பாக் கொடுத்த நிலத்தில் டால்ஸ்டாய் பண்ணை தொடங்கியது. சிறை சென்ற சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் அங்கே வந்து தங்கின. இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் என்று எல்லாரும் இருந்தார்கள். அதில் தமிழர்களும் நிறைய. பலர் பிறந்ததிலிருந்து மாமிசம் சாப்பிட்டவர்கள். இப்போது காந்தி தலைவர். இங்கே சைவம்தான் என்று ஓர் உத்தரவு போட்டிருக்கலாம். அவர் போடவில்லை. மாமிசம் கேட்டால், மாட்டிறைச்சியே கேட்டாலும், கொடுப்பதுதான் தன் கடமை என்று முதலில் தனக்குள் முடிவு செய்துகொண்டார். பிறகு குடும்பத்துப் பெண்களிடம் போய் நிலைமையை விளக்கி அவர்கள் விருப்பத்தைக் கேட்டார். அவர்களாகவே சைவத்துக்குச் சம்மதித்தார்கள்.

பல வருடம் கழித்து, 1931 நவம்பரில், லண்டன் சைவ உணவுச் சங்கத்தின் கூட்டத்தில் பேசினார். மேடையில் 80 வயது ஹென்றி சால்ட் அமர்ந்திருந்தார். உடல் நலத்துக்காக மட்டும் சைவமாக இருப்பவர்கள் பெரும்பாலும் நிலைப்பதில்லை, அதற்கு ஓர் அற அடிப்படை வேண்டும் என்பது காந்தியின் கருத்து. அதோடு சைவர்களுக்குப் பணிவு வேண்டும், மாமிசம் சாப்பிடுபவர்களைக் குறையாகப் பார்க்கக் கூடாது என்றும் அங்கே கேட்டுக்கொண்டார்.

எனக்கு அது உறைத்தது. விரதம் முடிந்த நாளிலிருந்து நான் அப்பாவின் தட்டை ஒரு மாதிரி அருவருப்பாகப் பார்த்துக்கொண்டு இருந்தேன். என்னை வளர்த்த தட்டு அது. கோழிக்குக் காட்டிய கருணையில் கொஞ்சம் அப்பாவுக்கும் காட்டியிருக்கலாம்.

அதற்குப் பிறகு நான் மூன்று காரியம் செய்தேன். வாதாடுவதை நிறுத்தினேன். சனிக்கிழமை அம்மாவோடு பாசாருக்குப் போய் என் காய்கறியை நானே தூக்கி வந்தேன். என் குழம்பை நானே வைக்கப் பழகினேன். முதல் மாதம் பருப்பு அடிப்பிடிக்காத நாளே இல்லை, அம்மாதான் சட்டி தேய்த்தாங்க. மூன்று மாதம் கழித்து மறுபடியும் இரத்தம் பரிசோதித்தோம், எல்லாம் சரியாக இருந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு, பக்கத்துச் சீனர் சைவக் கடையில் சோயா மட்டன் வாங்கி வந்து, அதே மசாலாவில் எனக்கென்று தனி குவாலியில் பிரட்டி வைத்திருந்தாங்க.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் தீபாவளிக்கு ஆட்டுக்கறி வேகும். பக்கத்து அடுப்பில் என் காய்கறித் தால்சா கொதிக்கும். அப்பா மாறவில்லை, இன்னமும் என்னைக் கிண்டல் பண்ணுவாரு. ஆனால் வெளியே விருந்துக்குப் போனால், என் மகனுக்குச் சைவம் இருக்கா என்று முதலில் கேட்பவர் அவர்தான்.

ஆகவே தம்பி தங்கைகளே, வீட்டில் விட மாட்டேங்கிறாங்க என்றால் முதலில் ஒளிக்காமல் சொல்லுங்கள். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் ஒரு வெங்காயம் உரியுங்கள். அடுத்த ஞாயிறு வகுப்பில் பார்ப்போம்.